அம்மா சொல்லும் முதல் பாதி

"சிறுநீரகத்தின் தொழிற்பாட்டு அலகு..." என்று தொடக்கினாள் றோசம்மா.

"...சிறுநீரகத்தி எனப்படும்" என்று முடித்தாள் அனோஜினி.

"கலன்கோளத்தில் குருதியமுக்கம் உயர்வாக இருப்பதனால்..."

"...நீரும் சிறிய மூலக்கூறுகளும் போமனின் உறைக்குள் வடிக்கப்படும்."

"அண்மை மடிந்த சிறுகுழலில்..."

"...குளுக்கோசு முழுவதும் மீள அகத்துறிஞ்சப்படும்."

றோசம்மாவின் கையில் கொப்பி இல்லை. கத்திதான் இருந்தது. குசினி வாசலில் குந்தியிருந்து மீனுக்குச் செட்டை வெட்டிக்கொண்டே சொன்னாள். மகளின் நோட்ஸ் முழுவதும் இந்த ஒரு வருடத்தில் அவளுக்கே பாடமாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லு பிள்ளை. கொப்பருக்கும் கேக்கட்டும்."

"எனக்கு ஏனப்பா உந்தக் கலன்கோளம்?" என்றார் விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பன் சில்வெஸ்ரர். "அவளுக்கு விளங்கினால் போதும்."

வெளியே யாரோ சிரித்தார்கள். நனைந்த குடையை மடக்கிக்கொண்டு சிவதர்சினி வந்து நின்றாள். நயினாதீவில் கோயில் பூசை செய்யும் குருபரன் ஐயரின் மகள். அனோஜினியோடு ஒன்றாய் ரியூசனுக்குப் போனவள். போன முறை சோதினையில் தேறி, இப்போது யாழ்ப்பாணத்துக் கம்பஸில் முதலாம் வருடம். வேலணையில் மாமி வீட்டுக்கு வந்தவள், சிநேகிதியைப் பார்க்க மெலிஞ்சிமுனைக்கு பஸ் ஏறியிருந்தாள்.

"வாசலிலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான் அன்ரி. மாதா கோயிலுக்குள்ளை வந்திட்டனோ எண்டு பாத்தன்."

"ஏன், பகிடியோ?"

"செபமாலை சொல்லுறமாதிரியே கிடக்கு."

"செபமாலை மாதிரியேதான்! அப்பிடிச் சொன்னதாலைதான் பிள்ளைக்கு மனதிலை நிக்குது."

றோசம்மா இதைப் பெருமையாகவே சொன்னாள். பொழுதுபட்டால் அந்த வீட்டில் செபமாலை. ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அவள் தொடக்குவாள். மறுபாதியைத் தகப்பனும் மகளும் சொல்லி முடிப்பார்கள். அனோஜினி பேச்சுப் படித்ததே அந்த மறுபாதியில்தான். நித்திரைத் தூக்கத்திலும் அவளுக்கு அது பிசகாது. இரண்டாம் தரமும் உயிரியலுக்கு வெறும் ‘எஸ்’, அடிமட்டத் தேர்ச்சி, வந்து மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது றோசம்மாவுக்குத் தோன்றிய வழி இது. இப்போது மூன்றாம் தரம். இதற்குப் பிறகு கம்பஸுக்கென்று எழுத இன்னொரு சோதினை கிடையாது. அதை மட்டும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சிவதர்சினி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "மொடல் பேப்பர் என்னடி மாதிரி?"

அனோஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மொடல் பேப்பர்?" என்றாள் றோசம்மா.

"ரியூசனிலை வைச்சது அன்ரி. போன கிழமை மாக்ஸ் குடுத்திட்டினமாம். இவள் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

றோசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு பிள்ளை?"

"விடுங்கோ அம்மா."

"எவ்வளவெண்டு கேக்கிறன்."

"முப்பதும் தாண்டேல்லை."

விறாந்தையில் வலை பொத்துவதும் நின்றது.

"எல்லாம் பாடமெல்லே உனக்கு! ஒரு வரி பிசகாமல் சொன்னியே! பேப்பர் திருத்தின ஆள் கண்ணை மூடிக்கொண்டு திருத்தினவரோ?"

"அன்ரி, நான் ஒரு கேள்வி கேக்கட்டோ?" சிவதர்சினி அனோஜினி பக்கம் திரும்பினாள். "ஒருத்தன் நடுக்கடலிலை அம்பிட்டுப் போனான். குடிக்கத் தண்ணியில்லை. கடல் தண்ணியை அள்ளிக் குடிக்கிறான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுது. ஏன்?"

அனோஜினி வாயைத் திறந்தாள். தாயைப் பார்த்தாள். மூடினாள்.

"சொல்லு பிள்ளை."

"உது நோட்ஸிலை இல்லை."

"இருக்கு. இப்ப நீ சொன்ன சிறுநீரகம்தான்."

"பாவம், அவளை ஏன் குழப்புறீர்? கடல் தண்ணி குடிக்கிற விசரனை ஏன் சோதினையிலை கேக்கப்போகினம்?" என்றாள் றோசம்மா.

"அப்பிடித்தான் அன்ரி கேக்கினம். முதல் பாதியைத் தந்து மறுபாதியை எழுது எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். எங்கட வீட்டிலையும் உந்த வியாதி கிடந்தது. அப்பா மந்திரம் சொல்லேக்குள்ளை ஆரும் வந்து ‘ஐயா, அர்ச்சனை’ எண்டு குறுக்கை கேட்டால் துலைஞ்சுது. நடுவிலை விட்ட இடத்திலை பிடிக்க ஏலாது அவருக்கு. திரும்ப முதலிலையிருந்துதான் வருவார். நானும் பயோவை அப்பிடித்தான் பாடமாக்கினனான். முதல் தரம் அதாலைதான் கவிண்டனான்."

"நீர் இப்ப பாஸ் பண்ணிப்போட்டீர். என்னவும் கதைக்கலாம். சோதினை கிட்டக்கிட்ட வருது, வந்து பிள்ளையின்ரை மனதை உடைக்காதையும். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடும், பஸ் போயிடும்."

"அம்மா!" என்றாள் அனோஜினி.

சிவதர்சினி தேத்தண்ணியைக் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "போட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

றோசம்மா மீன் குழம்பைக் கொதிக்க வைத்தாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "மீள அகத்துறிஞ்சப்படும்..." என்றாள்.

"என்ன?"

"மீள அகத்துறிஞ்சப்படும் எண்டது வரைக்கும் வந்தாச்சு. அதுக்குப் பிறகு என்ன நடக்கும்? சொல்லு."

றோசம்மா திரும்பினாள். மகளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் அவள் தொடக்கத்துக்கே போய், தொழிற்பாட்டு அலகு, கலன்கோளம், போமனின் உறை என்று ஒவ்வொன்றாய் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"பிறகு... ஹென்லேயின் தடத்துக்குப் போகும்."

"அங்கை போய் என்ன செய்யும்?"

"தொடக்கி விடுங்கோ அம்மா. சொல்லுறன்."

றோசம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். ஒரு வருடம். மழையென்று பாராமல், காய்ச்சலென்று பாராமல் ஒரு வருடமாய்ச் சொன்னது. பிள்ளைக்கு உயிரியல் தெரியாது. தாய் தொடக்கினால் முடிக்கத்தான் தெரியும்.

"நீயே சொல்லன். தொடக்காமல் சொல்லன்!"

"ஏலாது எண்டு தெரிஞ்சுதான் மொடல் பேப்பரை ஒளிச்சு வைச்சனான்!" அனோஜினி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சோதினைக் கதிரையிலை இருந்தால் பேப்பரைப் பாக்கிறன், ஒண்டும் வராது. உங்கட குரல் கேக்கும் எண்டு இருக்கிறன். கேக்காது."

"அப்ப என்னிலையோ பிழை?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"சொல்லாமல் சொல்லுறாய்."

"சண்டை பிடிச்சால் சிறுநீரகம் வந்திடுமோ?" என்றார் சில்வெஸ்ரர் விறாந்தையிலிருந்து. இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

றோசம்மா மகளின் ஃபோனை எடுத்தாள். "எங்கை அமத்திறது? ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு எடு."

அழைப்புப் போனது.

"பிள்ளை, நான் அனோவின்ரை அம்மா. பஸ் கிடைச்சுதோ? ... ஓம். ... நாளைக்கும் வாரும். மத்தியானம் இஞ்சை சாப்பிடலாம், மரக்கறிதான் சமைப்பன்."

மறுநாள் சிவதர்சினி வந்தாள். வந்ததும் கொப்பியை வாங்கி மூடித் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள். வெறுந்தாள் ஒன்றை அனோஜினியின் முன்னால் போட்டாள்.

"கீறு."

"எதை?"

"தெரிஞ்சதை. படத்தைப் பிழையாய்க் கீறினாலும் பறவாயில்லை. பாக்காமல் கீறு."

அனோஜினி கீறியது பாதியில் நின்றது. அழித்தாள். மறுபடி கீறினாள். றோசம்மாவுக்கு வாய் துறுதுறுத்தது. "ஏறும் புயத்திலை உப்பு..." என்று தொடக்கியே விட்டாள்.

பென்சில் பறந்து போய் அலுமாரியில் பட்டு விழுந்தது.

"அம்மா! தொடக்கி விடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

"வாய் தானாய் வருதடி. நான் என்ன செய்ய?"

"அன்ரி, உங்களுக்கு வேறை வேலை இருக்கு" என்றாள் சிவதர்சினி. கடந்தகாலப் பேப்பர்க் கட்டை அவளிடம் நீட்டினாள். "கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை இழுங்கோ. கேள்வியை வாசியுங்கோ. வாசிச்சவுடனை வாயைப் பொத்துங்கோ. இவள் எழுதி முடிஞ்சாப்பிறகு, இந்தப் புள்ளித்திட்டத்தைப் பாத்துச் சிவப்புப் பேனையாலை வெட்டுங்கோ. இரக்கம் பாக்காதேங்கோ."

"சீட்டிழுக்கிற மாதிரியோ?" என்றார் சில்வெஸ்ரர்.

"ஓம் அங்கிள். எந்தப் பாடத்திலை எது வருமெண்டு தெரியக்கூடாது. பிழைச்ச கேள்வியளை வேறையாய் வைச்சுக் கொஞ்ச நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கோ. அடுத்த நாளே கேட்டால் அது ஞாபகம் இல்லை, எதிரொலி."

"அப்ப முதல் வரி வராட்டில்?" என்றாள் அனோஜினி.

"கடைசி வரியிலை பிடி. வாலிலை பிடிச்சு இழுத்தாலும் மீன் வரும்தானே? சிறுநீர் வெளியிலை வருது. எங்கையிருந்து வருது? அதுக்கு முதல் எங்கை? அதுக்கும் முதல்? அப்பிடியே மேலை ஏறு."

அன்று முதல் வீட்டில் சத்தம் குறைந்தது. முன்பு பாட்டுப்போலப் போன பின்னேரங்கள் இப்போது கல்லுக் கடிப்பதுபோல நகர்ந்தன. றோசம்மா பேப்பர் இழுப்பாள், வாசிப்பாள், பொத்துவாள். மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது வலையில் சிக்கிய ஒன்றைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. சில நாள் தாங்காமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். சிவப்புப் பேனையில் மை தீர்ந்து இன்னொன்று வாங்கவேண்டி வந்தது. ஒளித்தொகுப்பு வந்தது. ஒடுக்கற்பிரிவு மெல்ல வந்தது. கடல் தண்ணி குடித்தவனையும் ஒரு பின்னேரம் அனோஜினி கரை சேர்த்தாள்: சிறுநீரைக் கடல் தண்ணி அளவுக்கு உப்பாக்கச் சிறுநீரகத்தால் ஏலாது, அந்த உப்பை வெளியே தள்ள உடம்பில் உள்ள தண்ணியும் சேர்ந்து போகும் என்று. ஆனால் சிறுநீரகம் மட்டும் ஒரு நாள் வரும், அடுத்த நாள் வராது. தாயும் மகளும் அதிகம் செபமாலைபோலச் சொன்ன பாடம் அதுதான். அந்தப் பழைய தடத்தில் கால் வைத்தால் அது தொடக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போனது.

சோதினை நாள் வந்தது. முதலில் கட்டுரைப் பேப்பர். பல்தேர்வு பிறகுதான். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். வேலணைக்குப் போகும் பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். யன்னலுக்கு வெளியே வயல் எல்லாம் வெள்ளம். அனோஜினி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

சோதினை நடந்த பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கூட்டமாய் நின்றார்கள். உள்ளே போகலாம் என்று சொன்னபோது அனோஜினி தாயின் கையைப் பிடித்து மதிலோரம் இழுத்தாள்.

"அம்மா, போட்டுது."

"என்ன போட்டுது? அடையாள அட்டையோ?"

"சிறுநீரகம். நேற்றுக் கீறினனான். இப்ப வெறுமையாய்க் கிடக்கு."

"ஆறுதலாய் யோசி."

"யோசிச்சுப் பாத்திட்டன். பஸ்ஸிலையிருந்து யோசிச்சுக்கொண்டுதான் வாறன்." அவள் விரல்கள் குளிர்ந்துபோயிருந்தன. "அம்மா, ஒருக்காத் தொடக்கி விடுங்கோ. முதல் வரி மட்டும். வந்திடும்."

அந்த வரி றோசம்மாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லிவிட்டால் பிள்ளையின் முகம் தெளியும். சிரித்துக்கொண்டு உள்ளே போவாள். போய், கேள்வி வேறு பக்கத்தால் வரும்போது, மறுபடியும் ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.

"மாட்டன்."

"அம்மா!"

"உள்ளுக்கு நான் வரமாட்டன் பிள்ளை."

"ஒரு வரியம்மா! ஒரே ஒரு வரி!"

"வாலிலை பிடி."

"இதோ நேரம் உங்களுக்குப் பாடம் எடுக்க? கடைசித் தரமம்மா இது!" அந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். கண் நிரம்பியது. "நீங்களும் ஒரு அம்மாவோ?"

மணி அடித்தது. கையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பக்கத்தில் நின்ற மரியநாயகி, நாரந்தனைக்காரி, குடையைச் சரித்துக்கொண்டு வந்தாள். "உங்கட மகள் அழுதுகொண்டெல்லோ போறா. ஏசிப்போட்டீங்களோ?"

"இல்லை."

"சோதினைக்குப் போற பிள்ளையளை அழவிடப்படாது. நான் என்ரை பொடியனுக்கு, நீ எழுதாட்டிலும் பறவாயில்லையடா எண்டு சொல்லித்தான் விட்டனான்."

"நல்லது."

ஃபோன் அடித்தது. சில்வெஸ்ரர். வள்ளத்தின் எஞ்சின் சத்தத்துக்குள் கத்தினார். "உள்ளுக்குப் போட்டாளோ?"

"போட்டாள்."

"என்ன சொல்லி விட்டனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தொடக்கி விடச் சொல்லிக் கேட்டாள். மாட்டன் எண்டிட்டன்."

"உமக்கென்ன விசரோ? ஒரு வரிதானே! சொல்லியிருந்தால் குறைஞ்சோ போவீர்?"

"வையுங்கோ."

மழைத்தூறலுக்கு ஒதுங்கி, மூடிக்கிடந்த கடையொன்றின் தாழ்வாரத்தில் றோசம்மா நின்றாள். செபமாலையை எடுத்தாள். வழக்கம்போல முதல் பாதியைச் சொன்னாள். வாய் நின்றது. யாரோ மறுபாதியைச் சொல்லப்போகிறார்கள் என்று காது காத்துக்கொண்டிருந்தது. மழைதான் கேட்டது. தனக்கே திடுக்கிட்டு, மறுபாதியையும் தானே சொன்னாள். அடுத்த மணியிலும் அதே இடத்தில் வாய் நின்றது. இந்த வயதில் தனக்கே இப்படியென்றால் உள்ளே இருக்கிறவளுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தாள். ஒரு வரிதானே. சொல்லியிருக்கலாம். வாசல்வரை நடந்தாள். காவலுக்கு நின்றவர் "என்னம்மா?" என்றார். "ஒண்டுமில்லை" என்று திரும்பி வந்தாள். அந்த வரி இப்போதும் பல்லுக்குப் பின்னால்தான் நின்றது. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

முடிவு மணி அடித்ததும் பிள்ளைகள் பெருகி வந்தார்கள். மரியநாயகியின் மகன் சிரித்துக்கொண்டு வந்தான். எழுதினானோ இல்லையோ தெரியாது. கடைசியாய், குடையைப் பிடிக்காமல், அனோஜினி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுவிரலில் மட்டும் மை அப்பியிருந்தது.

றோசம்மா கேட்கவில்லை. பஸ் வந்து, ஏறி, இருக்கை பிடித்து, பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"வந்தது."

"எது?"

"சிறுநீரகம்தான். கடல் தண்ணியில்லை. பாலைவனத்து எலி ஒண்டு. அதுக்கு ஹென்லேயின் தடம் எங்களுக்கு இருக்கிறதிலும் பாக்க நீளமாம். ஏனெண்டு விளக்கட்டாம்."

"எழுதினியோ?"

"கனநேரம் சும்மா இருந்தனான். உங்கட குரல் வரும், வரும் எண்டு பாத்தன்."

"வரேல்லையோ?"

"மாட்டன் எண்ட குரல்தான் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்குப் பேப்பரைக் கிழிச்சிருப்பன்." மையை மற்றக் கையால் தேய்த்தாள். "பிறகு எலியின்ரை மூத்திரத்தைப் பிடிச்சன்."

"ஐயையோ!"

"வாலிலை பிடிக்கச் சொன்னது நீங்கள்தானே. அதின்ரை மூத்திரம் கட்டியாய்ப் போகும். தண்ணி மிச்சம் பிடிக்குது எண்டுதானே அர்த்தம்? எங்கை பிடிக்குது? சேர்க்கும் கானிலை. ஏன் பிடிக்க ஏலுது? வெளியிலை உப்பு கூட. அந்த உப்பை ஆர் கொண்டுவந்து வைச்சது? தடம். தடம் நீளமெண்டால் உப்பும் கூட. அப்பிடியே மேலை ஏறி ஏறி... கலன்கோளத்திலை போய்த்தான் நிண்டனான். படமும் கீறினனான், அம்மா. தலைகீழாய்த் தொடங்கி."

"முழுக்கவோ?"

"ஒண்டு விட்டிட்டன் போலை கிடக்கு. வெளியிலை வந்தாப்பிறகுதான்..." அவள் கண்ணை மூடினாள். "சேர்க்கும் கானிலை ஏதோ..."

தண்ணியை மீள உறிஞ்ச வைக்கும் ஏ.டி.எச். ஓமோன். றோசம்மாவுக்குத் தெரியும். வரி முழுவதும் தெரியும். யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு வெள்ளத்தைப் பார்த்தாள். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது.

"ஏ.டி.எச்!" என்று அனோஜினி தொடையில் அடித்தாள். "சீ! அதுக்கு ரெண்டு புள்ளி போகும். போகட்டும்." தாயைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ன?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொய் சொல்லாதேங்கோ. வாயைப் பாத்தாலே தெரியுது."

காலையில் சொன்ன சொல் இருவருக்கும் நடுவில் இன்னும் கிடந்தது. அனோஜினி அதை எடுக்கவில்லை. பதிலாய்த் தாயின் ஈரச் சேலைத் தலைப்பை எடுத்து விரலில் இருந்த மையைத் துடைத்தாள். றோசம்மா ஏசவில்லை.

"பல்தேர்வு கிடக்கு இன்னும்" என்றாள் மகள். "ஏதாவது கேளுங்கோ அம்மா. வீட்டை போறமட்டும்."

"பேப்பர்க்கட்டு வீட்டிலையெல்லே கிடக்கு."

"கட்டு வேண்டாம். உங்கட மனதிலை வாறதைக் கேளுங்கோ."

றோசம்மா யோசித்தாள். நோட்ஸில் இருந்த வரி எதுவும் அவளுக்கு வரவில்லை. பாலைவனத்தில் ஓடுகிற அந்த எலிதான் வந்தது.

"அந்த எலி குடிக்கத் தண்ணிக்கு எங்கை போகும்?"

"குடிக்கவே குடிக்காதாம்."

"விசர்க்கதை. தண்ணி குடிக்காமல் ஒரு சீவன் இருக்குமோ? அப்ப மூத்திரம் பெய்யத் தண்ணி எங்காலை வருது?"

அனோஜினி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. றோசம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை உதட்டைக் கடிக்கவேண்டி இருக்கவில்லை. அவளுக்கு விடை தெரியாது. உண்மையாகவே தெரியாது. அறிய ஆவலாய் இருந்தது.

பஸ் வேலணையைத் தாண்டியது. மெலிஞ்சிமுனைப் பனைகள் தூரத்தில் தெரிந்தன. மகளின் உதடுகள் அசையவில்லை. கண்தான் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தது. சிறுநீரகத்தை விட்டு, வேறொரு பாடத்துக்குள் போய்.

"பொறுங்கோ, பொறுங்கோ... அது காய்ஞ்ச விதை தின்னும். தின்னுறது குளுக்கோசாகும். குளுக்கோசு உடையேக்குள்ளை..." அவள் தாயின் கையைப் பிடித்தாள். "கலச்சுவாசத்திலை தண்ணி வரும் எல்லே, அம்மா!"